நான் அடித்துவிட்ட ஓய்வு நாள்

என் மலைக்காரி லோகா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்கு அனுப்பப் போகிறேன். "என் கதையை ஊரெல்லாம் படிக்கணுமா, கிராணி?" என்று நீ முறைப்பது தெரிகிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "அனுப்பு. ஆனா எழுத்துப் பிழை இல்லாம எழுது" என்றார்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியின் பட்டத்தை எனக்குக் கொடுத்தவள் நீ. எப்போது பார்த்தாலும் நோட்டும் பேனாவுமாக இருப்பேன் என்பதால். இப்போது அப்படிக் கூப்பிட யாருமில்லை. பள்ளியில் நான் யாழினி. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பேச்சே இல்லை.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். நம் லயத்து வரிசை வீடுகளில் இப்போது ஏழில்தான் விளக்கு எரிகிறது. எதிர் வீட்டுக்காரர்கள் மந்தின் டவுனில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாய் நம் வாசலில் வந்து படுத்துக்கொள்கிறது. அம்மா அதை விரட்டவும் இல்லை, அதற்குப் பெயர் வைக்கவும் இல்லை. சோறு மட்டும் வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை அப்படியே இருக்கிறார். அதே குரல், அதே வெற்றிலை.

நான் நான்காம் படிவம் வந்துவிட்டேன். புவியியலில் வகுப்பிலேயே முதல். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அன்று பள்ளி வேனில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செம்பனை மரங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். நீ இருந்தால், "புவியியல் படிச்சவ, எங்க, மேற்கு எந்தப் பக்கம் காட்டு பார்ப்போம்" என்று வம்புக்கு இழுத்திருப்பாய்.

உன் பை வந்தது அக்கா, உன்னோடு. அதிலிருந்த, மலையேறப் போடும் சப்பாத்தை அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியின் மேல் வைத்திருக்கிறார். அடியில் அந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது. அம்மா அதைக் கழுவவும் இல்லை, என்னைத் தொடவும் விடவில்லை.

இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பொம்பளைப் பிள்ளை, தனியா, அவ்ளோ உயரத்துக்கு ஏன் போனா?" அம்மா பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியும், நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ ஏழு வருஷம் சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாய். ஓடும் பட்டையில் கையுறைகள் வந்துகொண்டே இருக்கும். ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தும்முவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும் என்பாய். முதல் தடவை நேப்பாளம் போய் வந்தபோது உன் முகம் வெயிலில் உரிந்து கறுத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அங்க என்னை யாரும் அவசரப்படுத்தல, கிராணி. நான் நின்னா மலையும் நிக்குதுலா."

உனக்கு வழிகாட்டி கிடையாது. சுமை தூக்க ஆளும் வைத்துக்கொள்ளவில்லை. முதுகில் பை, கையில் வரைபடம். ஆட்டம் போடும் தொங்கு பாலங்கள், எதிரே மணி கட்டிய எருதுகள், சாயங்காலம் மலைவாசிகளின் விடுதியில் அடுப்பு ஓரமாக ஓர் இடம். பருப்பும் சோறும் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள் என்றாய். இரவில் சுடுதண்ணீர் ஊற்றிய போத்தலைப் படுக்கைப் பைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவாய் என்றாய். யாருக்கும் உன்னைத் தெரியாத இடத்தில் இருப்பது ஓர் இளைப்பாறல் என்றாய். எனக்கு அது அப்போது புரியவில்லை.

இரண்டாம் பயணத்துக்கு நீ பழகிய விதம் தோட்டத்துக்கே வேடிக்கை. பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் செம்பனை நாற்று நர்சரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி இறங்குவாய். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"என்னம்மா, அரிசியைத் தூக்கிக்கிட்டு? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"நேப்பாளத்துக்கு, மாமா."

"அங்க எந்தச் சாமி?"

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"வரும்போது அரிசியைக் கொண்டு வந்துடு. உங்கம்மா தேடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சிரித்துக்கொண்டே மறுபடியும் ஏறினாய். நான் கீழே நின்று நேரம் குறித்தேன்.

பயணத்தைத் திட்டமிட்டது நான்தான். இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாள் வாரியாக, உயரம் வாரியாக வரைந்தேன். எந்த நாள் எந்த ஊரில் தூங்குவாய், அது எத்தனை மீட்டர் என்று. நூலகத்தில் தேடிப் படித்துச் சிவப்பு மையில் விதியையும் எழுதினேன். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால் ஒரே நாளில் தூங்கும் இடத்தை ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை மேலே போகாமல் அதே ஊரில் ஓய்வெடுக்க வேண்டும். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக வேண்டும். தலை வலித்தால் ஏறக்கூடாது. வலி கூடினால் இறங்க வேண்டும். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

உன் திட்டத்தில் இரண்டு ஓய்வு நாள் இருந்தது. மூவாயிரத்து நானூறு மீட்டரில் ஒன்று. நாலாயிரத்து நானூறில் ஒன்று.

ஆனால் அந்த மாதம்தான் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்து ஆட்கள் யாரும் வெளியே போய்த் தங்கக்கூடாது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் காப்புக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்துகூட வருவார்கள். வராத பிள்ளையின் அம்மாவைத் திருவிழா முடியும்வரை எல்லாரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பா இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து அம்மா தவறாமல் பால்குடம் எடுக்கிறார். நாம் இரண்டு பேரும் இரண்டு பக்கம் நடப்போம். அம்மா உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க வேணா போய்ட்டு வா. காப்புக்கு வந்துடணும்."

தொழிற்சாலையில் உனக்குக் கொடுத்த விடுப்பு நாட்களை மாற்ற முடியாது. என் திட்டப்படி நீ திரும்புவது காப்புக்கு மறுநாள். சமையல்கட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு நாள் இடிக்குது, கிராணி."

"அம்மாகிட்ட கேட்டுப் பாரேன். மறுநாள் காலையிலேயே வந்துடுவேன்னு."

"நீ கேளு."

"நான் மாட்டேன். நீதான் மூத்தவ, நீ கேளு."

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அம்மா வெளிக்குழாய் அடியில் குந்தி உட்கார்ந்து பால்குடச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. கேட்க மனம் வரவில்லை, இரண்டு பேருக்கும்.

நான்தான் சொன்னேன். "மேல இருக்கிற ஓய்வு நாளை எடுத்துட்டா வியாழக்கிழமையே, காப்புக் கட்டுறதுக்குள்ள வந்துடலாம்."

"எடுக்கலாமா? நீதானே சிவப்பு மையில எழுதி வச்சிருக்கே?"

"போன தடவை உனக்கு ஒண்ணும் ஆகலையே."

"சரி. கிராணி சொன்னா சரிதான்."

போன தடவை நீ அவ்வளவு உயரம் போகவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை அடித்தேன். அடிக்கோல் வைத்து, நேராக.

நீ போன ஆறாம் நாள் சாயங்காலம் உன்னிடமிருந்து செய்தி வந்தது. விடுதியில் இணையத்துக்குக் கார்டு வாங்கியிருந்தாய். முதலில் ஒரு படம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு மலை, இந்தப் பக்கம் மேசைமேல் அம்மா கொடுத்த நெத்திலிச் சம்பல் போத்தல். அப்புறம் எழுதியிருந்தாய். தலை பயங்கரமாக வலிக்கிறது. ஒரு தரம் வாந்தி. "நாளைக்கு ஒரு நாள் இங்கேயே இருக்கட்டுமா, கிராணி?"

மறுநாள் எனக்கு அறிவியல் சோதனை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே பதில் போட்டேன். "இருந்தா காப்புக்கு வர முடியாதுக்கா. தண்ணி நிறைய குடி. நாளைக்கு மட்டும்தான் ஏத்தம், அப்புறம் இறக்கம்தான்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. நீ படித்துவிட்டாய். ஒரு கட்டை விரல் அனுப்பினாய்.

அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. மறுநாள் மத்தியானம் பாதை ஓரத்தில் ஒரு கல்மேல் நீ உட்கார்ந்திருந்தாயாம். பின்னால் வந்த பயணிகள் பேச்சுக் கொடுத்தபோது உன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். முதுகில் சுமந்து கீழே கொண்டு போனார்களாம். பாதி வழிதான் போக முடிந்ததாம். யாரென்றே தெரியாதவர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் அக்கா. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

தனியாகப் போகிறவர்களுக்கு 'இறங்கு' என்று சொல்ல யாராவது ஒருவர் வேண்டும். வழிகாட்டி இருந்தால் அவர் சொல்வார். கூட்டாளி இருந்தால் கூட்டாளி சொல்வார். நீ என்னைத்தான் வைத்திருந்தாய். நான் காப்பை நினைத்துக்கொண்டேன்.

தூதரகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய அதிகாரி, முன்னாலேயே உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குச் சொன்னாளா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்தேன். அந்த ஒரு தலையாட்டலுக்குள்தான் இந்த ஒரு வருஷமும் இருந்தேன்.

நான் வாயைத் திறக்காததால் அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நீ கிளம்பின அன்று, வேனில் ஏறிய பிறகு, சம்பல் போத்தலை மறந்துவிட்டாய் என்று அம்மா ஓடி வந்தார் ஞாபகம் இருக்கிறதா? "லோகா! லோகா! எங்க போறே, இதை விட்டுட்டு?" என்று கூப்பிட்டார். கிளம்புகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டார். நீ சிரித்துக்கொண்டே போத்தலை வாங்கிக்கொண்டாய்.

அதுதான் உன்னைக் கொன்றது என்று அம்மா நம்பினார்.

இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா பின்பக்கம் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவார். வேன் சத்தம் தேய்ந்த பிறகுதான் குழாய் நிற்கும் என்று பாக்கியம் அத்தை சொன்னார். தவறி ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாது என்றுதான் அம்மா அங்கே போய் நிற்கிறார். "போயிட்டு வரேம்மா" என்று நான் சொல்வேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு வருஷமாக என்னை வழியனுப்புவது அதுதான்.

இதை நிறுத்த எனக்கு ஒரு வாக்கியம் போதும். 'அம்மா, நீங்க கூப்பிட்டதாலே இல்ல, நான் ஒரு நாளை அடிச்சதாலே.' ஆனால் அதைச் சொன்னால் ஏன் அடித்தாய் என்று கேட்பார். காப்புக்காக என்று சொல்ல வேண்டும். பின்னால் கூப்பிட்டது என்ற பொய்யான பழியை எடுத்துவிட்டு, காப்புக்கு வரச் சொன்னது என்ற நிஜமான பழியை அம்மாவின் கையில் கொடுத்தது போலாகும். எது கொடுமை அக்கா? நான் எத்தனையோ நாள் உன்னிடம் கேட்டேன்.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் பாக்கியம் அத்தை திருவிழா நோட்டீசோடு வந்தார்.

"வருஷம் முடிஞ்சுதான் இந்தத் தடவை காப்பு. துக்கம் கழிஞ்சுடும். பால்குடத்துக்கு உன் பேரைக் கொடுத்துட்டேன்."

"வேணாம், பாக்கியம். எடுத்துடச் சொல்லு."

"ஏன்? ஆத்தா என்ன செஞ்சா உனக்கு?"

"அவ ஒண்ணும் செய்யல. என் வாய்தான். என் வாயால போன பிள்ளை அது. இந்த வாயால இனிமே எந்தச் சாமியையும் கூப்பிட மாட்டேன்."

அத்தைக்கு வெற்றிலை மெல்வதுகூட நின்றுவிட்டது. நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் ஒரே வரியைப் பத்துத் தரம் படித்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. தகரக் கூரையில் பேசினால் கேட்காத அளவுக்கு மழை. அம்மா கீழே உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சத்தமா சொல்லு."

இப்படிப்பட்ட ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கத்தித்தான் சொன்னேன். ஓய்வு நாள், சிவப்பு மை, உன் செய்தி, என் பதில், எல்லாவற்றையும் மழைக்கு மேலே கத்தினேன். கைப்பேசியைத் திறந்து காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. அப்புறம் நோட்டை இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

"உயரம். ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறணும்னு."

"நம்ம ஊரு அங்சி மலை இதுல எங்க இருக்கு?"

"இந்தா, அடியில. முதல் கட்டத்துக்குள்ளேயே முடிஞ்சுடும்."

அம்மா முதல் கட்டத்தில் விரலை வைத்தார். அங்கிருந்து மேலே, மேலே, நீ உட்கார்ந்திருந்த கல் இருக்கும் இடம்வரை விரலை நகர்த்திக்கொண்டு போனார். அவ்வளவு உயரம் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. உன் மலை எவ்வளவு பெரியது என்று நாம் அம்மாவுக்கு ஒரு தரம்கூடக் காட்டவில்லை அக்கா. பயப்படுவார் என்று நினைத்தோம்.

"காப்புக்காகவா?" என்றார்.

"ம்."

மறுபடியும் நெத்திலியை எடுத்தார். நான்கு மீனுக்குத் தலை கிள்ளினார். ஐந்தாவது மீனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

"அவ உன்னையா கேட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"தலை வலிக்குது, வாந்தி வருதுன்னு, பதினஞ்சு வயசுப் பிள்ளையையா கேட்டா? பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்தவளையா? இருபத்தேழு வயசுக் கழுதை! பெத்தவ ஒருத்தி இங்க இருக்கா, அவளுக்கு ஒரு போன் போடத் தெரியல? வரலம்மா, காப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், தலை வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? இறங்கி வாடி முண்டம்னுதானே சொல்லியிருப்பேன்!"

அக்கா, அம்மா உன்னைத் திட்டினார். ஒரு வருஷமாக உன்னைப் பற்றி 'என் தங்கம்', 'என் மகராசி' என்று தவிர வேறொன்றும் சொல்லாத அம்மா, அன்று அரை மணி நேரம் விடாமல் திட்டினார். நீ துணி மடிக்காதது, சொல்லாமல் முடி வெட்டிக்கொண்டது, அரிசி மூட்டையைக் கிழித்தது, எல்லாம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மழை நின்றுவிட்டது அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாக்கியம் அத்தை, "யாரைப் போட்டு இப்படி வையிறே?" என்று கேட்டார்.

"என் மூத்தவளை!" என்று அம்மா கத்தினார்.



'உன்மேல் தப்பில்லை' என்று அம்மா என்னிடம் சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. பிறகு ஒரு தரம் மட்டும் சொன்னார்: "நான் கேட்டேன், நீ அடிச்சே, அவ ஏறினா. மூணு பேருக்கும் வாய் இருந்துச்சு." அது போதும் என்று நினைக்கிறேன். எனக்கு அது தனியாகத் தூக்குவதைவிட லேசாக இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமையும். ஒரு வருஷப் பழக்கம் அது. நான் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். அம்மா வந்தார். பெண்கள் பக்கம் பாயில் கடைசியில் உட்கார்ந்தார். எப்போதும் போல் செயலாளர் எழுந்து, "வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு இப்பவே சொல்லிடுங்க. காப்புக்கு வந்துடணும், சாக்குப்போக்கு வேணாம்" என்றார்.

அம்மா எழுந்து நின்றார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"சொல்லுங்கக்கா."

"அப்படிக் கூப்பிடாதீங்க. முடிஞ்சப்ப வரட்டும். தேருக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. காப்புக்கு வந்தே ஆகணும்னு எந்தப் பிள்ளையையும் விரட்டாதீங்க."

செயலாளர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "அது அந்தக் காலத்துலேர்ந்து இருக்கிற கட்டுப்பாடுக்கா. மாத்துனா சாமி குத்தமாயிடும்லா."

"போன வருஷம் காப்பைத் தள்ளி வச்சீங்களே, எத்தனை நாளு?"

உன் சாவு விழுந்ததால் உன் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கோயிலில் காப்புக் கட்டவில்லை அக்கா. உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"அது... பதினாறு முடியிற வரைக்கும்" என்றார் செயலாளர்.

"அப்ப ஆத்தா கோவிச்சுக்கலையே. பொணத்துக்கு அத்தனை நாள் காத்திருந்தவ, உசுரோட வர்றவளுக்கு ஒரு நாள் காத்திருக்க மாட்டாளா?"

செயலாளர் தன் நோட்டில் எதையோ எழுதினார், அல்லது எழுதுவது போல் குனிந்துகொண்டார். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் அங்கேயே, எல்லார் முன்னாலும், பாக்கியம் அத்தை கைப்பேசியை எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். "டேய், மெதுவா வாடா. மோட்டார்ல வேகமா வராதே. காப்புக்கு முடியாட்டி பரவால்ல... இல்லடா, எனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்டா அழப் பார்க்குறே? நல்லாத்தான் இருக்கேன்!"

இந்தக் கடிதத்தை ஏன் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருக்கும் எத்தனையோ அக்காக்களும் அண்ணன்களும் இதைப் படிக்கட்டும். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும்.

பால்குடம் எடுப்பதா வேண்டாமா என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உன் இடத்தில் யாரும் நடக்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது அக்கா. அம்மா திட்டிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. நீ ஒரு கட்டை விரலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனாய். நான் சொன்னது தப்பு என்று உனக்கும் தெரிந்திருக்கும். நீ அத்தனை மலைப்பாதை நடந்தவள். 'போடி கிராணி, நான் இறங்குறேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அம்மா வருத்தப்படுவார் என்று இரண்டு பேருமே பயந்தோம், இல்லையா?

நானும் ஒரு நாள் அந்த மலைகளுக்குப் போவேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "முதல்ல பரீட்சையை எழுது" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. என்னிடம் உயரமெல்லாம் ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். போனால், ஒவ்வொரு சாயங்காலமும் நான் அம்மாவுக்குத்தான் போன் செய்வேன். குளிர்கிறது என்றால் குளிர்கிறது என்பேன். பயமாக இருந்தால் பயம் என்பேன். எங்கே வலிக்கிறதோ அதையும் சொல்வேன். அம்மா 'இறங்கு' என்று சொன்னால் அந்த நிமிஷமே பையைக் கட்டிக்கொண்டு இறங்குவேன், உச்சி கண் முன்னால் தெரிந்தாலும், என்னைப் பார்த்து யார் சிரித்தாலும்.

உனக்குப் பின் பிறந்தவள், உன்னோடு சண்டை இன்னும் முடியாதவள்,
உன் தங்கை யாழினி